சிவப்பு விளக்குக்கு நம் வண்டி தெரிகிறதா?

சிக்னலில் சிவப்பு விழுந்ததும் பின்னால் நிற்கிறவர்கள் 'பாம் பாம்' என்று ஹாரனை அமுக்குகிறார்களே, அந்த விளக்குக்குக் காது இருக்கிறதா என்ன? ஒரு காலத்தில் இருந்தது என்றால் நம்புவீர்களா! 1928-ல் அமெரிக்காவின் பால்டிமோர் நகரத்தில் சார்லஸ் ஆட்லர் என்பவர் அப்படி ஒரு விளக்கை வைத்தார். குறுக்குத் தெருவில் வருகிறவர் நின்று ஹாரன் அடித்தால், அந்தச் சத்தத்தைக் கேட்டு விளக்கு பச்சை காட்டும். குற்றால சீசனில் எங்கள் இலஞ்சி ரோட்டில் அதை வைத்தால் காது என்ன கதியாகும் என்று நினைத்துப் பார்த்தேன், சிரிப்பு வந்துவிட்டது. மும்பை போலீசார் இதற்கு நேர் எதிராக ஒன்று செய்தார்கள். ஹாரன் சத்தம் 85 டெசிபலைத் தாண்டினால் சிவப்பு மறுபடி முதலிலிருந்து எண்ண ஆரம்பிக்கும்படி சில இடங்களில் வைத்து, 2020 ஜனவரியில் அந்தப் படத்தையும் வெளியிட்டார்கள்.

நம் ஊர்ப் பக்கத்து விளக்குகளில் பெரும்பாலானவற்றுக்குக் காதும் கிடையாது, கண்ணும் கிடையாது. உள்ளே இருப்பது கடிகாரம்தான். ஆள் இருந்தாலும் இல்லாவிட்டாலும் நேரம் வந்தால் மாறிவிடும். ஆனால் நம் பிள்ளைகள் போய்ப் பிழைக்கிற ஊர்களில் அப்படி இல்லை.

என் தம்பி மகன் சிங்கப்பூரில் வேலை பார்க்கிறான். போன வருஷம் மோட்டார் சைக்கிள் வாங்கினான். ஒருநாள் போனில், "அத்தே, விடியக்காலம் நாலரை மணிக்கு சின்ன ரோட்டுலருந்து வாரேன். ஈ காக்கா கிடையாது. மெயின் ரோட்டுக்கே பச்சை எரியுது, எனக்குச் சிவப்பு. பத்து நிமிஷமா மாறவே இல்ல. சரி, போயிருவோம்னு காலைத் தூக்கிட்டேன், ஒரு கன்டெய்னர் லாரி சர்ருன்னு முன்னால போச்சு" என்றான். எனக்கு அடிவயிறு கலங்கிவிட்டது. அவனுக்குச் சிவப்பு என்றால் லாரிக்காரனுக்குப் பச்சை. அவன் ஏன் வேகத்தைக் குறைக்கப் போகிறான்?

விஷயம் இதுதான். சிங்கப்பூரில் 1988 முதல் 'கிளைடு' என்ற ஏற்பாடு இருக்கிறது. நிற்கும் கோட்டுக்குப் பின்னால் சாலையைக் கீறி உள்ளே கம்பிச் சுருள் பதித்திருக்கிறார்கள். வண்டி அதன்மேல் வந்து நின்றால் விளக்குக்குத் தெரியும். யாரும் வரவில்லை என்றால் சின்ன ரோட்டுக்கு எதற்குப் பச்சை என்று பெரிய ரோட்டுக்கே விட்டுவிடும்.

எடை அமுக்கித்தான் விளக்கு மாறுகிறது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை. நம் வீட்டு இண்டக்‌ஷன் அடுப்பை நினைத்துக்கொள்ளுங்கள். அதற்குள்ளும் கம்பிச் சுருள்தான்; பாத்திரத்தை எடுத்துவிட்டால் அடுப்புக்கே தெரிந்து கூப்பாடு போடுகிறதல்லவா? சாலைச் சுருளும் அந்த ஜாதிதான். மேலே உலோகம் வந்தால் சுருளில் ஓடும் மின்சாரத்தின் துடிப்பு மாறும். ஓரத்தில் இருக்கும் பெட்டி அதைக் கண்டுகொள்ளும். ஒரு வித்தியாசம், சாதாரண அலுமினியச் சட்டியை அடுப்பு ஏற்காது. சாலைச் சுருளுக்கு அலுமினிய ரிம்மும் சம்மதம். (காலை ஊன்றினால் ஷாக் அடிக்குமோ என்று பயப்பட வேண்டாம், ஓடுவது துளி மின்சாரம்தான்.)

காருக்கு அடிப்பக்கம் அகலமான தகடு. எங்கே நின்றாலும் தெரியும். பைக்குக்கு உலோகம் கொஞ்சம், அதுவும் ஒரே கோடாக. ஆகவே நிற்கும் இடம்தான் முக்கியம். தாரில் அறுத்து அடைத்த கறுப்புக் கோடு சதுரமாகத் தெரியும். நடுவில் நிற்காமல், நீளவாக்கில் போகும் ஒரு கோட்டின்மேலேயே இரண்டு சக்கரமும் இருக்கும்படி நிறுத்த வேண்டும். சைக்கிளுக்கும் இதேதான். வண்டிக்கு அடியில் ஒட்டச் சொல்லிக் காந்தம் விற்கிறார்களாம், அதில் பிரயோஜனமில்லை. சுருள் தேடுவது காந்தத்தை அல்ல.

எங்கள் பையன் செய்தது என்னவென்றால், இங்கே பழகின பழக்கத்தில் கோட்டைத் தாண்டி முன்னால் போய் நின்றிருக்கிறான். சுருள் அவனுக்குப் பின்னால் கிடந்தது! கூட வேலை பார்க்கிற பெரியவர் ஒருவர் சொல்லிக்கொடுத்த பிறகு இப்போது தொல்லையில்லை. "அப்படியும் மாறலன்னா, பொறுத்து நில்லு ஐயா. பின்னால ஒரு கார் வந்தா அது சுருள் மேல நிக்கும். இல்லன்னா இறங்கி ஓரமா போயி நடக்கிறவங்க அமுக்குற பொத்தானை அமுக்கு" என்று சொல்லிவைத்தேன்.

அமெரிக்காவில் மின்னசோட்டா மாநிலத்தில் 2002-லேயே, விளக்கு கண்டுகொள்ளாமல் ரொம்ப நேரம் நின்ற பைக்காரர் பார்த்துக் கடந்தால் கோர்ட்டில் அதைச் சொல்லித் தப்பிக்கச் சட்டம் வந்துவிட்டது. கலிபோர்னியாவில் 2007-ல், புதிதாகப் பதிக்கும் சுருள் சைக்கிளையும் பைக்கையும் கண்டுபிடிக்க வேண்டும் என்று சட்டம் போட்டார்கள். இந்த இரண்டாவதுதான் எனக்குச் சரியாகப் படுகிறது. நம் நாட்டில் இப்படிச் சலுகை எதுவும் இல்லை. சிவப்பு என்றால் சிவப்புதான்.

இங்கேயும் கண்ணுள்ள விளக்குகள் வர ஆரம்பித்துவிட்டன. எங்கள் மலைக்கு அந்தப் பக்கம், திருவனந்தபுரத்து ஸி-டாக் நிறுவனம் நம் நாட்டு நெரிசலுக்கென்றே வண்டிகளைக் கணக்கிட்டுப் பச்சை நேரத்தைக் கூட்டிக் குறைக்கும் முறையைச் செய்திருக்கிறது. நாம்தான் வரிசையில் நிற்கமாட்டோமே, ரோட்டையும் அடிக்கடி தோண்டுவார்கள். அதனால் இங்கே சுருளைவிடக் கேமராவே தோது. கேமராவும் பார்ப்பது கோட்டுக்குப் பின்னால் உள்ள இடத்தைத்தான். ஸ்கூட்டரில் பிள்ளையை முன்னால் நிறுத்திக்கொண்டு ஜீப்ரா கோட்டின் மேல் போய் நிற்கிற சகோதரிகள், அந்த விளக்குகள் நம் பக்கம் வரும்போது நாலடி பின்னால் நிற்க வேண்டியிருக்கும்.