தப்பு வந்தால் என்ன? பாட்டு நிற்கக் கூடாது!



பள்ளிக் கலை விழாவிலோ இசைத் தேர்விலோ பாடிவிட்டு வரும் மாணவரிடம், "எப்படி இருந்துச்சு?" என்று கேட்டுப் பாருங்கள். "ரெண்டாவது வரியில தப்பு பண்ணிட்டேன் டீச்சர்!" என்பதுதான் பெரும்பாலும் முதல் பதில். நன்றாகப் பாடிய மற்ற வரிகள் எல்லாம் எங்கே போயின? இப்படி நாலு தடவை நடந்தால், "இனிமே நான் பாடலை" என்று பிள்ளை ஒதுங்கிவிடும். நாம் இழப்பது ஒரு மதிப்பெண்ணை அல்ல, ஒரு பாடகரை.

மேடைப் பயம் பெரிய கலைஞர்களுக்கும் உண்டு. புகழ்பெற்ற பியானோ கலைஞர் விளாடிமிர் ஹோரோவிட்ஸ் 1953-இல் மேடையை விட்டு விலகி, 12 ஆண்டுகள் பொதுக் கச்சேரியே செய்யவில்லை. 1965 மே 9-ஆம் நாள் நியூயார்க் கார்னகி அரங்கில் மீண்டும் வாசித்தார். தொடக்கத்திலேயே தவறான சுரங்கள் விழுந்தன. அவர் நிறுத்தவில்லை, வாசித்து முடித்தார். முதலில் வந்த இசைத்தட்டில் சில தவறுகளைத் திருத்தியிருந்தார்கள். 2003-இல் திருத்தாத பதிவும் வெளிவந்தது. அந்தக் கச்சேரியின் பெருமை அதனால் குறைந்துவிடவில்லை.

அப்படியென்றால் பயிற்சி வேண்டாமா? கண்டிப்பாக வேண்டும். ஆனால், பயிற்சி வேறு, மேடை வேறு. பயிற்சியில் தப்பைத் தேடுகிறோம்; நிறுத்தித் திருத்துகிறோம். மேடையில் பாட்டை இன்னொருவருக்குக் கொடுக்கிறோம். பாடிக்கொண்டே தப்பையும் தேடினால் மனம் இரண்டு வேலை செய்யும், இரண்டும் கெடும்.

வகுப்பில் இப்படிச் செய்து பாருங்கள்:

1. பயிற்சி நேரத்தை இரண்டாகப் பிரியுங்கள். முதல் பகுதியில் கடினமான வரிகளை மட்டும் திருத்துங்கள். இரண்டாம் பகுதியில் என்ன நடந்தாலும் நிறுத்தாமல் முழுப் பாட்டையும் பாடச் சொல்லுங்கள்.

2. மீண்டு வருவதையும் பழக்குங்கள். ஆதி தாளத்தில் 8 எண்ணிக்கை. ஒரு சொல் மறந்துபோனால் கை தாளத்தைத் தொடரட்டும்; அடுத்த வரியின் எடுப்பில் சேர்ந்துகொள்ளலாம். சொல் தவறினால் சிலருக்கே தெரியும்; தாளம் நின்றால் எல்லாருக்கும் தெரியும்.

3. சின்ன மேடைகள் கொடுங்கள். முதலில் ஒரு நண்பர் முன், பிறகு ஐந்து பேர் முன், அப்புறம் முழு வகுப்பு.

4. பாடி முடித்ததும், "எங்கே தப்பு?" என்று தொடங்காதீர்கள். "எந்த இடம் பாடும்போது உனக்குப் பிடிச்சிருந்தது?" என்று முதலில் கேளுங்கள். திருத்தம் அடுத்த நாள் வகுப்பில் இருக்கட்டும்.

தேர்வு எழுதும் மாணவர்களே, நடைமுறைத் தேர்வு அறைக்குள் போகும்போது உங்களுக்கு மிகவும் பிடித்த ஒரு வரியை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். "இதைக் கேட்க வைக்கப் போறேன்" என்று நினைத்துப் பாடத் தொடங்குங்கள். கை கொஞ்சம் நடுங்கலாம். பரவாயில்லை, பாடுங்கள்!