லாங்டாங்: ஊர் புதைந்த பள்ளத்தாக்கில் ஒரு மலை நடை!

காத்மாண்டுவிலிருந்து வடக்கே கிளம்பும் பஸ், திரிசூலி, துன்சே என்று மலையைச் சுற்றிச் சுற்றி ஏறி, ஸ்யாப்ரு பெசியில் வந்து நிற்கும்போது பெரும்பாலும் மாலையாகிவிடும். தூரம் என்னவோ சுமார் 120 கிலோமீட்டர்தான். ஆனால், ஏழெட்டு மணி நேரம் ஆகும். மழைக்காலத்தில் மண் சரிந்தால் அதற்கும் கணக்கில்லை. இடுப்பைப் பிடித்துக்கொண்டு இறங்குகிறவர்களுக்கு ஆறுதல் ஒன்றுதான்: பஸ் பயணம் இத்தோடு முடிந்தது. நடைதான்!

நேபாளத்தின் ரசுவா மாவட்டத்தில், திபெத் எல்லையை ஒட்டி இருக்கிறது லாங்டாங் பள்ளத்தாக்கு. எவரெஸ்ட், அன்னபூர்ணா பகுதிகளுக்கு அடுத்தபடியாக ட்ரெக்கிங் பிரியர்கள் தேடிப் போகும் இடம். 1976-ல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. ஒரு லாமா, காணாமல்போன தன் யாக் எருதைத் தேடிக்கொண்டு இங்கே வந்து சேர்ந்தார் என்பது உள்ளூர்க் கதை. 'லாங்' என்றால் எருது, 'டாங்' என்றால் பின்தொடர்வது. அதுவே பெயராகிவிட்டது என்கிறார்கள்.

ஒரு வார லீவில் முடித்துவிடலாம், காத்மாண்டுவிலிருந்து விமானம் ஏற வேண்டாம், வழிநெடுகத் தங்கவும் சாப்பிடவும் லாட்ஜுகள் உண்டு. அதனாலேயே 'முதன்முறை இமயமலை போகிறவர்களுக்கு ஏற்ற ஈஸியான ரூட்' என்று இணையத்தில் பலரும் எழுதுகிறார்கள். அந்த 'ஈஸி'யில்தான் சிக்கல்.

இரண்டாம் நாள் கணக்கு

ஸ்யாப்ரு பெசி சுமார் 1,500 மீட்டர் உயரம். முதல் நாள் லாங்டாங் ஆற்றை ஒட்டியே பாதை போகும். மூங்கில், ஓக், ரோடோடெண்ட்ரான் என அடர்ந்த காடு. லங்கூர் குரங்குகள் கண்ணில் படும். சிவப்பு பாண்டாவும் இந்தக் காட்டில்தான் வாழ்கிறது, ஆனால் அதைப் பார்க்கப் பெரிய அதிர்ஷ்டம் வேண்டும். மாலையில் 'லாமா ஹோட்டல்'. இது ஹோட்டலின் பெயர் கிடையாது, அந்த இடத்தின் பெயரே அதுதான். உயரம் 2,400 மீட்டருக்கு மேல். அதாவது, நம் தொட்டபெட்டாவைவிடச் சற்றே தாழ்வு. இதுவரை யாருக்கும் பெரிய தொல்லை இருக்காது.

இரண்டாம் நாள் காடு மெல்ல விலகி, கோடாதபேலா என்ற இடத்தில் பள்ளத்தாக்கு அகன்று திறக்கும். அந்தக் காட்சியின் உற்சாகத்தில் எல்லோரும் நடையை எட்டிப்போட்டு, அன்று இரவே 3,430 மீட்டர் உயரத்திலுள்ள லாங்டாங் கிராமத்துக்குப் போய்விடுகிறார்கள். டிராவல் ஏஜென்சிகளின் பயணத் திட்டமும் அப்படித்தான் இருக்கிறது. ஒரே நாளில் கிட்டத்தட்ட 1,000 மீட்டர் ஏற்றம்!

உயர மலை மருத்துவம் சொல்லும் கணக்கு வேறு. 3,000 மீட்டரைத் தாண்டிவிட்டால், இரவு தூங்கும் உயரம் நாளொன்றுக்கு 500 மீட்டருக்கு மேல் கூடக் கூடாது. மூன்று, நான்கு நாள்களுக்கு ஒருமுறை அதே உயரத்தில் ஒருநாள் ஓய்வெடுக்க வேண்டும். உடல் ரத்தத்தை, சுவாசத்தை எல்லாம் மெல்லிய காற்றுக்கு ஏற்ப மாற்றிக்கொள்ள அவகாசம் தேவை. காற்றில் ஆக்சிஜனின் விகிதம் எங்கும் ஒன்றுதான். அழுத்தம் குறைவதால், 5,000 மீட்டரில் ஒவ்வொரு மூச்சிலும் கடல் மட்டத்தில் கிடைப்பதில் பாதியளவுதான் உள்ளே போகும். இதற்கும் வயதுக்கும் சம்பந்தமில்லை. தினமும் ஜிம்முக்குப் போகும் 25 வயது இளைஞர்தான் முதலில் சுருண்டு படுப்பார். அவர்தானே வேகமாக ஏறுகிறார்!

இதற்கு வழி மிக எளிது. கோடாதபேலாவிலோ, அதற்குச் சற்று மேலே தாங்ஷ்யாபிலோ ஓர் இரவு தங்கிவிட்டு, மறுநாள் சாவகாசமாக லாங்டாங் போகலாம். செலவு கூடுவது ஒருநாள் அறை வாடகையும் தால் பாத்தும்தான்.

தலைவலி, குமட்டல், பசியின்மை, தலைசுற்றல் வந்தால் அதற்கு மேல் ஒரு அடிகூட ஏறக் கூடாது. படுத்திருக்கும்போதும் மூச்சு வாங்கினாலோ, நடை தள்ளாடினாலோ, பேச்சு குழறினாலோ அது நுரையீரலிலோ மூளையிலோ நீர் கோக்கிறது என்பதற்கான எச்சரிக்கை. நடு இரவானாலும் கீழே இறக்கிவிட வேண்டும். அசெட்டசோலமைடு மாத்திரையை மருத்துவரிடம் கேட்டுக்கொண்டு எடுத்துப் போகலாம். ஆனால், மாத்திரை போட்டுக்கொண்டு மேலே ஏறிவிடலாம் என்று நினைப்பது ஆபத்து.

11.56 மணி

லாங்டாங் கிராமத்தை நெருங்கும்போது பாதை திடீரென்று ஒரு பெரிய கல்வெளியில் ஏறும். சாம்பல் நிறத்தில் பாறையும் ஜல்லியும் மண்ணுமாகப் பரந்து கிடக்கும். அதைக் கடந்துதான் போயாக வேண்டும். பழைய லாங்டாங் அதற்கு அடியில் இருக்கிறது.

2015 ஏப்ரல் 25, சனிக்கிழமை, பகல் 11.56. 7.8 அளவில் நிலம் குலுங்கியது. ஊருக்கு நேர் மேலே நிற்பது 7,200 மீட்டரைத் தாண்டிய லாங்டாங் லிருங் சிகரம். அந்த ஆண்டு குளிரில் அதன் சரிவுகளில் வழக்கத்துக்கு மாறாகப் பனி குவிந்து கிடந்தது. குலுங்கியதும் பனியும் பனிப்பாறையும் கல்லும் ஒன்றாகப் பெயர்ந்து விழுந்தன. விழுந்த வேகத்தில் கிளம்பிய காற்று, பள்ளத்தாக்கின் எதிர்ப்பக்கக் காட்டையே சாய்த்துப்போட்டது. மரங்கள் எல்லாம் ஒரே திசையில் தலைசாய்த்துக் கிடந்த காட்சி படங்களில் இருக்கிறது. செங்குத்துப் பாறையின் அடியில் ஒட்டிக் கட்டப்பட்டிருந்த ஒரே ஒரு வீடு தப்பியது.

ஊர்க்காரர்கள், கைடுகள், போர்ட்டர்கள், ராணுவ வீரர்கள், பல நாட்டு ட்ரெக்கர்கள் என இந்தப் பள்ளத்தாக்கில் இறந்தவர்கள் 300 பேருக்கு மேல். பலருடைய உடல் கிடைக்கவே இல்லை.

பிழைத்தவர்களை ஹெலிகாப்டரில் காத்மாண்டுவுக்குக் கொண்டுபோனார்கள். சுயம்புநாத் அருகே ஒரு புத்த மடத்து வளாகத்தில் கூடாரங்களில் மாதக்கணக்கில் இருந்தார்கள். பிறகு ஒவ்வொரு குடும்பமாகத் திரும்பி வந்தது. வயலும் யாக்கும் லாட்ஜும்தானே பிழைப்பு? பழைய ஊரை அடுத்து இன்றைய லாங்டாங் எழும்பியது. நீங்கள் இரவு தங்கும் லாட்ஜில் டீ கொண்டுவந்து வைப்பவர், அந்த நாளில் வீட்டில் யாரையாவது பறிகொடுத்தவராக இருக்க எல்லா வாய்ப்பும் உண்டு. அவராகப் பேசினால் கேளுங்கள். டீ வைத்த கையோடு விசாரணையை ஆரம்பிக்க வேண்டாம்.

கியான்ஜினும் சீஸும்

லாங்டாங்கிலிருந்து மூன்று மணி நேர நடையில் கியான்ஜின் கோம்பா. உயரம் சுமார் 3,870 மீட்டர். பள்ளத்தாக்கின் கடைசி ஊர் என்று சொல்லலாம். சுற்றிலும் வெள்ளைச் சிகரங்கள். நடுவே, 1950-களில் சுவிட்சர்லாந்து உதவியோடு ஆரம்பித்த ஒரு சீஸ் தொழிற்சாலை! 'யாக் சீஸ்' என்றுதான் விற்கிறார்கள். யாக் என்பது ஆண், அது எங்கே பால் கறக்கும்? பெண் மாட்டுக்கு 'நாக்' என்று பெயர். அதனுடைய பாலும், யாக்குக்கும் பசுவுக்கும் பிறந்த 'சௌரி' மாட்டின் பாலும்தான் சீஸ் ஆகிறது.

இங்கே இரண்டு இரவாவது தங்க வேண்டும். முதல் நாள் 4,700 மீட்டருக்கு மேலிருக்கும் கியான்ஜின் ரீ ஏறலாம். பாதியிலேயே ஒரு முகடு வரும், அதோடு திரும்பினாலும் குறையில்லை. மறுநாள் செர்கோ ரீ. ஏறக்குறைய 5,000 மீட்டர். விடியும் முன் டார்ச்சோடு கிளம்பி, பகலுக்குள் இறங்கிவிட வேண்டும். மதியத்துக்கு மேல் மேகம் வந்து மூடிவிட்டால் பாதை தெரியாது. ஏற வேண்டாம் என்பவர்கள், கிழக்கே லாங்ஷிசா மேய்ச்சல் வெளி நோக்கிச் சமதளத்தில் நடந்துவிட்டு வரலாம். கூட்டமே இருக்காது.

இதற்கு மேல் இருப்பவை மலையேற்றக்காரர்களுக்கானவை. 5,500 மீட்டரைத் தாண்டும் யாலா சிகரத்துக்குக் கயிறு, கிராம்பான் பழக்கம் வேண்டும். ஹெலம்பு பக்கம் இறங்கும் கஞ்சா லா கணவாய் 5,100 மீட்டர். வழியில் லாட்ஜ் கிடையாது, கூடாரம்தான். லாங்டாங் லிருங்கோ கை தேர்ந்தவர்களையும் விழுங்கியிருக்கிறது. 2009 நவம்பரில் ஸ்லோவேனிய வீரர் தொமாஜ் ஹூமர் தனியாக ஏறப் போய் அங்கேயே இறந்தார். 2024 அக்டோபர் இறுதியில் ஸ்லோவாக்கியாவின் ஒந்த்ரேய் ஹூசர்கா அதன் கிழக்கு முகம் வழியாக உச்சியைத் தொட்டுவிட்டு, இறங்கும் வழியில் பனிப்பிளவில் விழுந்தார்.

யாலா பனியாற்றின் கதை வேறு விதம். 1970-களிலிருந்து அது மூன்றில் இரண்டு பங்கு சுருங்கி, 784 மீட்டர் பின்வாங்கிவிட்டது. 2025 மே மாதம் புத்த பிக்குகளும் விஞ்ஞானிகளும் ஊர்க்காரர்களும் மேலே போய் அதற்கு அஞ்சலிக் கூட்டம் நடத்தினார்கள். பனியாற்றுக்கு நினைவுப் பலகையும் வைத்தாயிற்று.

கிளம்பும் முன்

அக்டோபர், நவம்பர், அல்லது மார்ச் கடைசியிலிருந்து மே வரை நல்ல சீசன். ஏப்ரலில் ரோடோடெண்ட்ரான் பூத்துக் காடே சிவந்திருக்கும். ஜூன் முதல் செப்டம்பர் வரை மழை, அட்டை, மண்சரிவு. இந்தியர்களுக்கு விசா வேண்டாம். சார்க் நாட்டவருக்குப் பூங்கா நுழைவுக்கட்டணத்தில் சலுகை உண்டு. வெளிநாட்டு ட்ரெக்கர்கள் உரிமம் பெற்ற கைடோடுதான் போக வேண்டும் என்று 2023 ஏப்ரலில் விதி வந்தது. இன்ஷூரன்ஸ் எடுக்கிறவர்கள், எத்தனை மீட்டர் உயரம் வரை செல்லும், ஹெலிகாப்டர் மீட்பு உண்டா என்ற இரண்டு வரிகளையும் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

கையில் இன்னும் நாலைந்து நாள் இருந்தால், திரும்பும் வழியில் 4,380 மீட்டரிலுள்ள கோசாய்குண்டா ஏரிக்குப் பிரிந்து போகலாம். ஆலகால விஷம் உண்ட நீலகண்டர், தாகம் தீரச் சூலத்தால் குத்தி உண்டாக்கிய தீர்த்தம் என்பது நம்பிக்கை. நமக்கு ஆவணி அவிட்டம் வரும் அதே பௌர்ணமியில், அங்கே பூணூல் மாற்றவும் நீராடவும் ஆயிரக்கணக்கானோர் ஏறி வருகிறார்கள்.

லாங்டாங் கிராமத்தில் இறந்தவர்களின் பெயர்களோடு ஒரு மணிச் சுவர் இருக்கிறது. புத்த வழக்கப்படி அதை வலப்பக்கம் விட்டு, இடப்பக்கமாகக் கடக்க வேண்டும். போகும்போதும் வரும்போதும்.