தோட்டக்காரர் வீட்டுக் கதை

குடும்ப வரலாறு என்றதும் அரச பரம்பரைகளே நம் நினைவுக்கு வரும். தோட்டக்காரர் குடும்பத்துக்கும் வரலாறு உண்டெனத் தாவரவியல் படிக்க வந்த பின்னரே அறிந்தேன்.

இங்கிலாந்தின் பெட்ஃபோர்டுஷயரில், எளிய உழவர் குடும்பத்தில் 1803-இல் பிறந்தவர் ஜோசப் பாக்ஸ்டன். 1826-இல் டெவன்ஷயர் கோமகனின் சாட்ஸ்வொர்த் மாளிகையில் தலைமைத் தோட்டக்காரரானார். மறு ஆண்டு, மாளிகைப் பணியாளர் தலைவியின் உறவுப் பெண்ணான சாராவை மணந்தார். கணவர் வெளியூர் சென்ற காலங்களில் நிர்வாகத்தைக் கவனித்தவர் சாராவே.

1849-இல் அங்கே அமேசான் பேரல்லி பூத்தது. அதன் இலைமீது பாக்ஸ்டன் தம் சிறுமகள் ஆனியை நிறுத்தினார்; இலை அமிழவில்லை! அடிப்புற நரம்புகள் விட்டங்கள்போல் பின்னி எடையைப் பகிர்ந்து தாங்கின. 1851-இல் இலண்டனில் அவர் வடிவமைத்த கண்ணாடி மாளிகைக்கு அந்த இலையும் தூண்டுகோலாயிற்று. அவ்வாண்டே ‘சர்’ பட்டம் பெற்றார்; 1854-இல் நாடாளுமன்ற உறுப்பினரானார்.

1936-இல் அம்மாளிகை தீக்கிரையானது. ஆனால், அவர் வளர்த்துப் பரப்பிய வாழை உலகெங்கும் விற்பனையாகிறது. அதன் பெயர் கேவண்டிஷ். அது கோமகனின் குடும்பப் பெயர். வளர்த்தவர் பெயர் அதில் இல்லை.

என் தந்தையும் பிறர் தோட்டத்துக்கு நீர் பாய்ச்சுபவரே; எழுத்தறியாதவர். எங்கள் வீட்டில் கல்லூரிக்கு வந்த முதல் ஆள் நான். விடுமுறையில் இக்கட்டுரையை அவருக்குப் படித்துக் காட்டுவேன்.