திறந்தது ஸ்கிரிப்ட், மூடுவது யார்?

உங்கள் கடையின் பில்லிங், டியூஷன் சென்டரின் மாணவர் பட்டியல், கிளினிக்கின் ரிப்போர்ட்டுகள் என்று ஏதோ ஒன்று கிளவுட் சர்வரில் இருக்கிறதென்றால், அதைப் பார்த்துக்கொள்பவரிடம் இந்த வாரமே ஒன்று கேளுங்கள்: "தம்பி, நம்ம சர்வர்ல ஊர் உலகத்துக்கே திறந்திருக்கிற போர்ட் எதெல்லாம்?" "80, 443 ரெண்டும்தான் சார், வெப்சைட்டுக்கு" என்று பட்டென்று பதில் வந்தால் நல்லது. "அது போக 22 இருக்கு... 3306கூட போன வருஷம் டெஸ்டிங்குக்காகத் திறந்தோம், மூடினோமான்னு பார்க்கணும்" என்று இழுத்தால் இந்தக் கட்டுரை உங்களுக்குத்தான்.

போர்ட் என்பது சர்வருக்குள் நுழைய எண்ணிட்டு வைத்திருக்கும் வழி. 22 வழியாக சர்வரை நிர்வகிப்பவர் உள்ளே வருவார்; விண்டோஸ் சர்வர் என்றால் 3389. 3306 மைஎஸ்கியூஎல் டேட்டாபேஸுக்கு, 5432 போஸ்ட்கிரெஸுக்கு, 27017 மாங்கோடிபிக்கு. இவற்றில் யார் எங்கிருந்து வரலாம் என்று முடிவு செய்வது ஃபயர்வால். அமேசான் வெப் சர்வீசஸில் அதற்குச் செக்யூரிட்டி குரூப் என்று பெயர். புதிதாக ஒன்றை உருவாக்கினால் வெளியிலிருந்து ஒருவரும் வர முடியாது. அந்த அளவில் அது பத்திரமானது. ஆனால் அதில் 'அனுமதி' விதி மட்டுமே எழுத முடியும், 'தடை' விதி என்ற ஒன்றே கிடையாது. ஆகவே தெருக்கதவுக்கு ஏழு பூட்டு போட்டுவிட்டுக் கொல்லைக்கதவைத் தாழிடாமல் விட்ட கதைதான்: கச்சிதமாக எழுதிய பத்து விதிகளை அலட்சியமாக எழுதிய ஒரு விதி வீணாக்கிவிடும்.

அந்த அலட்சிய விதி பெரும்பாலும் 0.0.0.0/0 என்று முடியும். ஐபிவி4 முகவரிகள் மொத்தம் சுமார் 429 கோடி. அத்தனைக்கும் சேர்த்து 'வரலாம்' என்று சொல்வதுதான் இதன் பொருள். "நம்ம சின்ன சர்வரை யார் தேடி வரப் போறாங்க?" என்பது அடிக்கடி கேட்கும் பதில். யாரும் பெயர் சொல்லித் தேடுவதில்லை. 2013இல் மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வெளியிட்ட ஸீமேப் என்ற கருவி, ஒரு போர்ட் திறந்திருக்கிறதா என்று இணையத்தின் எல்லா ஐபிவி4 முகவரிகளையும் ஒரே கணினியிலிருந்து 45 நிமிடத்துக்குள் தட்டிப் பார்த்துவிடும் என்று காட்டியது. 2017 ஜனவரியில் நடந்தது அதன் பலன். பாஸ்வேர்டும் இல்லாமல், 27017ஐ உலகத்துக்குத் திறந்துவைத்திருந்த பல்லாயிரக்கணக்கான மாங்கோடிபி டேட்டாபேஸ்கள் அழிக்கப்பட்டு, உள்ளே ஒரு மிரட்டல் குறிப்பு மட்டும் மிச்சமிருந்தது: 0.2 பிட்காயின் அனுப்பு, தரவைத் தருகிறேன். பல சர்வர்களில் தரவை நகலெடுத்த தடயமே இல்லை; பணம் கொடுத்தாலும் திரும்பி வர அங்கே எதுவும் இருக்கவில்லை. 2020 ஜூலையில் 'மியாவ்' என்ற பெயரில் வந்த அலை பணம்கூடக் கேட்கவில்லை. திறந்திருந்ததை அழித்துவிட்டுப் போனது, அவ்வளவுதான்.

இனி ஸ்கிரிப்ட் விஷயத்துக்கு வருவோம். அமேசான் கிளவுடைப் பைத்தானிலிருந்து இயக்குவதற்கான நூலகம் போட்டோ3. அமேசான் ஆற்று டால்ஃபினின் பெயரை வைத்திருக்கிறார்கள். 'ஆத்தரைஸ் செக்யூரிட்டி குரூப் இன்க்ரெஸ்' என்ற ஒரு ஃபங்ஷனை அழைத்தால் வழி திறக்கும். 'ரிவோக்' என்று தொடங்கும் அதன் ஜோடியை அழைத்தால் மூடும். இருபது சர்வர்களுக்கு ஒரே மாதிரி விதி எழுத, தவறில்லாமல் திரும்பத் திரும்பச் செய்ய, இதைவிட வசதி கிடையாது. நான் இதற்கு எதிரி இல்லை. திரையில் கிளிக் செய்து திறப்பவர் என்ன செய்தார் என்பது பெரும்பாலும் அவர் நினைவில்தான் இருக்கும். ஸ்கிரிப்ட் என்றால் எழுத்தில் இருக்கும். சிக்கல் எங்கே என்றால், திறக்கும் வரியை எல்லோரும் எழுதுகிறார்கள், மூடும் வரியை எழுதுவோர் குறைவு.

வழக்கமாக நடப்பது இதுதான். டெவலப்பர் வீட்டிலிருந்து வேலை செய்கிறார். அவருடைய பிராட்பேண்ட் ஐ.பி. முகவரி அடிக்கடி மாறும். காலையில் ஸ்கிரிப்டை ஓட்டினால் அது அன்றைய முகவரியைக் கண்டுபிடித்து, 22க்கு 'இவர் வரலாம்' என்று ஒரு விதியைச் சேர்க்கும். நேற்றைய விதி அப்படியே இருக்கும். அந்த முகவரி இப்போது வேறு யாரோ ஒரு சந்தாதாரரிடம் இருக்கும். ஒரு குரூப்பில் உள்வரும் விதிகளுக்கான வழக்கமான உச்சவரம்பு 60. ஒருநாள் அது நிரம்பி, ஸ்கிரிப்ட் பிழை காட்டும். அன்று பார்த்துக் கிளையன்ட் போனில் கத்திக்கொண்டிருப்பார். உடனே ஒரு 0.0.0.0/0. 'நாளைக்கு மாத்திக்கலாம்.' மொபைல் ஹாட்ஸ்பாட்டில் வேலை செய்பவருக்கு இன்னொரு பிரச்சினை: மொபைல் நிறுவனங்கள் ஒரே பொது முகவரியைப் பல வாடிக்கையாளர்களுக்குப் பகிர்ந்து தருவதால், 'எனக்கு மட்டும்' என்று எழுதிய விதி முன்பின் தெரியாதவர்களுக்கும் சேர்த்துத் திறந்திருக்கும்.

மூடும்போதும் ஏமாறலாம். ரிவோக் செய்யச் சொல்லித் தந்த விவரம் ஏற்கெனவே இருக்கும் விதியோடு பொருந்தவில்லை என்றால், நீங்களாக உருவாக்கிய விபிசி நெட்வொர்க்கில் ஸ்கிரிப்ட் பிழை காட்டி நிற்கும். அமேசான் தானாகத் தந்த டிஃபால்ட் விபிசியில் பிழையே வராது. 'இவற்றை நீக்கவில்லை' என்று பதிலில் ஒரு பட்டியல் மட்டும் வரும். அதைப் படிக்காத ஸ்கிரிப்ட் 'முடிந்தது' என்று அச்சிட்டுவிட்டுப் போய்விடும். விதிக்குரிய தனி அடையாள எண்ணைக் கொண்டு நீக்குவதும், நீக்கிய பின் பட்டியலை மறுபடி எடுத்துப் பார்ப்பதும் இதற்கு மருந்து.

திறந்து கிடக்கும் விதிகளைத் தேடும் தணிக்கை ஸ்கிரிப்டுகளிலும் இதேபோல ஓட்டைகள் உண்டு. 22 என்று எழுதிய விதியை மட்டும் தேடினால், 0 முதல் 65535 வரை மொத்தமாகத் திறந்த விதி கண்ணில் படாது. எல்லா புரோட்டோகாலுக்கும் சேர்த்து -1 என்று எழுதியதும் தப்பிவிடும். ஐபிவி6க்கான ::/0 வேறு பட்டியலில் இருக்கும். தேடல் ஒரு ரீஜனுக்குள் மட்டும் நடக்கும் என்பதால், மும்பையைச் சோதித்துவிட்டு நிம்மதியாக இருப்பவரின் பழைய சர்வர் சிங்கப்பூரில் திறந்து கிடக்கலாம்.

யாரோ உள்ளே வந்துவிட்டார் என்று தெரிந்து பதறி மூடும்போது ஒன்றை நினைவில் வைக்க வேண்டும். விதியை நீக்கினாலும் அப்போது ஓடிக்கொண்டிருக்கும் இணைப்பு உடனே அறுந்துவிடாது. புதிதாக வருபவர்தான் தடுக்கப்படுவார். உள்ளே இருப்பவரையும் வெட்ட, சப்நெட் அளவில் இயங்கும் நெட்வொர்க் ஏசிஎல்லில் தடை போட வேண்டும். சர்வரை அழித்துப் புதிதாக நிறுவ அவசரப்படாதீர்கள். முதலில் டிஸ்க்கின் ஸ்னாப்ஷாட் எடுங்கள். போலீசுக்கும் காப்பீட்டு நிறுவனத்துக்கும் நாளைக்குக் காட்ட அதுதான் ஆதாரம்.

முன்கூட்டியே செய்ய வேண்டியதில் கஷ்டமானது எதுவுமில்லை. ஒவ்வொரு விதிக்கும் விளக்கம் எழுத இடமிருக்கிறது. யார், எதற்காக, எந்தத் தேதி வரை என்று அதில் எழுதாமல் ஸ்கிரிப்ட் விதியைச் சேர்க்கவே கூடாது. தேதி கடந்தவற்றை நீக்கும் இன்னொரு ஸ்கிரிப்ட் தினமும் ஓடட்டும். டேட்டாபேஸ் போர்ட்டை எந்த ஐ.பி.க்கும் திறக்காமல், வெப் சர்வரின் செக்யூரிட்டி குரூப்புக்கு மட்டும் திறக்கலாம். அமேசானின் செஷன் மேனேஜர் சேவை வழியாக உள்ளே போனால் 22ஐத் திறக்க வேண்டிய அவசியமே இல்லை. ஸ்கிரிப்டுக்குள் அமேசான் கணக்கைத் திறக்கும் கீயை எழுதி கிட்ஹப்பில் ஏற்றிவிட்டால், மேலே சொன்ன எதற்கும் பொருளில்லை. கீ கையில் இருப்பவருக்கு ஃபயர்வால் தடை அல்ல; அவரே அதைத் திறந்துகொள்வார். 2014 ஜூனில் கோட் ஸ்பேசஸ் என்ற நிறுவனத்தின் அமேசான் கன்சோலுக்குள் ஒருவர் புகுந்து, தரவு, பேக்கப் என்று பெரும்பகுதியை அழித்தார். நிறுவனம் கடையை மூடியது.

உரிமையாளராக நீங்கள் கேட்டுப் பெற வேண்டியவை உண்டு. கிளவுட் கணக்கு உங்கள் நிறுவன மின்னஞ்சலில், உங்கள் கார்டில் இருக்க வேண்டும். ரூட் பாஸ்வேர்டும் அதன் இரண்டாம் கட்டச் சரிபார்ப்பும் உங்களிடம் இருக்க வேண்டும். ஃப்ரீலான்ஸர் தன் பெயரில் கணக்கு தொடங்கி உங்களுக்குச் சர்வர் தருவது இங்கே சர்வசாதாரணம். மனஸ்தாபம் வந்த அன்று உங்கள் தரவைக் கேட்கக்கூட உங்களுக்கு இடமிருக்காது. அமேசான் தன் பங்கைத் தெளிவாகவே சொல்லிவிடுகிறது: கட்டடமும் கருவிகளும் எங்கள் பொறுப்பு, செக்யூரிட்டி குரூப்பை எப்படி வைக்கிறீர்கள் என்பது உங்கள் பொறுப்பு. ஒப்பந்தம் முடிந்து போன டெவலப்பர் பழைய வழியில் அனுமதியின்றி உள்ளே வந்தால், தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43ஆம் பிரிவும் 66ஆம் பிரிவும் அவர் மீது பாயும். 66இன்படி 3 ஆண்டு வரை சிறை, 5 லட்சம் ரூபாய் வரை அபராதம். ஆனால் அவர்தான் வந்தார் என்று காட்ட லாக், அதாவது யார் எப்போது என்ன செய்தார் என்ற பதிவு, வேண்டும்.

லாக் விஷயத்தில்தான் பலர் சட்டத்திடம் மாட்டுகிறார்கள். சைபர் சம்பவம் தெரியவந்த 6 மணி நேரத்துக்குள் மத்திய அரசின் சைபர் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன்னுக்குத் தெரிவிக்க வேண்டும், 180 நாள் லாக் வைத்திருக்க வேண்டும் என்று 2022 ஏப்ரல் 28 உத்தரவு சொல்கிறது. இது பெரிய கம்பெனிகளுக்கு மட்டுமல்ல. யார் எந்த கீயால் எந்த விதியைச் சேர்த்தார் என்று அமேசானின் கிளவுட்ட்ரெயில் சேவை பதிவு செய்யும். ஆனால் நீங்கள் எதுவும் செய்யாவிட்டால் அது காட்டுவது கடைசி 90 நாள் மட்டுமே. மீதி 90 நாளைத் தனி ஸ்டோரேஜில் சேமிக்கச் சொல்லி நீங்கள்தான் அமைக்க வேண்டும். செர்ட்-இன் இலவச எண் 1800-11-4949. பணமும் பறிபோயிருந்தால் 1930க்கு உடனே பேசுங்கள்.

கசிந்தது வாடிக்கையாளர்களின் விவரம் என்றால் 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வருகிறது. அதன் விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. நிறுவனங்களின் முக்கியக் கடமைகள் 18 மாத அவகாசம் முடிந்து 2027இல் அமலாகும். 'கான்ட்ராக்டர்தான் திறந்துவைத்தார்' என்ற வாதம் அங்கே எடுபடாது. தரவை யாரிடம் கொடுத்துப் பராமரித்தாலும் பொறுப்பு உங்களுடையதே. பாதுகாப்பில் தவறினால் 250 கோடி ரூபாய் வரை அபராதம். பாதிக்கப்பட்ட ஒவ்வொருவருக்கும், தரவுப் பாதுகாப்பு வாரியத்துக்கும் தகவல் சொல்லியாக வேண்டும்; சொல்லாமல் மறைத்தால் 200 கோடி வரை.

விவரம் கசிந்த அந்த வாடிக்கையாளர் நீங்களாக இருந்தால்? முதலில் அந்த நிறுவனத்திடம் எழுத்தில் கேளுங்கள்: என்னுடைய எந்த விவரம் போனது, எப்போது, என்ன செய்தீர்கள். புதிய சட்டத்தின் அபராதம் அரசின் தொகுப்பு நிதிக்குப் போகும். பாதிக்கப்பட்டவர் கைக்கு வராது. இது பலருக்குத் தெரியாத, எனக்கு உடன்பாடில்லாத ஏற்பாடு. இழப்பீடு கேட்க இன்றைக்கு இருக்கும் வழி தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43ஏ பிரிவு: மருத்துவ, நிதி விவரம், பாஸ்வேர்டு போன்றவற்றை அலட்சியமாகக் காத்த நிறுவனம் ஈடு தர வேண்டும். 5 கோடி ரூபாய் வரையான கோரிக்கையை மாநிலத்தின் தகவல் தொழில்நுட்பத் துறைச் செயலரே தீர்ப்பு அதிகாரியாக இருந்து விசாரிப்பார். 2010இல் தமிழ்நாட்டில் அப்படி ஒரு விசாரணை நடந்து, இணைய மோசடியில் பணத்தை இழந்த வாடிக்கையாளருக்கு வங்கி ஈடு தர உத்தரவானது. புதிய சட்டம் முழுதாக அமலாகும்போது 43ஏ நீக்கப்பட்டுவிடும். அதனால் ஏற்கெனவே இழப்பைச் சந்தித்தவர்கள் வக்கீலைப் பார்ப்பதைத் தள்ளிப்போட வேண்டாம்.