பெட்டியின் முகம்

அகத்தின் அழகு முகத்தில் தெரியும் என்பர் பெரியோர். ஆயினும், ஆலையடிவேம்பிலே ஒரு சில்லறைக் கடையின் முன் சற்று நின்று பாருங்கள். தேயிலையும் சவர்க்காரமும் பிஸ்கட்டும் முகத்தைக் காட்டியே விலைபோகின்றன. அகத்தை வீடு சென்ற பின்னரே காண்கிறோம். அம்முகத்தை ஆக்குபவர் யாரென நாம் வினவுவதில்லை. அத்தகைய கலைஞருள் பெரும்புகழ் ஈட்டியவர் றேமண்ட் லோவி.

1893 இல் பாரிஸ் நகரிற் பிறந்த லோவி, முதலாம் உலகப் போரிலே பிரெஞ்சுப் படையிற் பணியாற்றினார். 1919 இல் சொற்பப் பணத்துடன் நியூயோர்க்கில் வந்திறங்கினார். கடைகளின் கண்ணாடிச் சாளரங்களை அலங்கரித்தும், சஞ்சிகைகளுக்கு ஆடையணிப் படங்கள் வரைந்தும் சீவனம் நடத்தினார். 1929 இல் ஜெஸ்டெட்னர் பிரதி இயந்திரத்துக்குப் புதுவடிவம் அமைக்கும் பணி வாய்த்தது. வினாத்தாள் எடுத்து விரலெல்லாம் மையான ஆசிரியர்கள் அவ்வியந்திரத்தை மறந்திருக்கமாட்டார்கள். துருத்தி நின்ற உறுப்புகளை உள்ளடக்கி, களிமண்ணில் அதற்கொரு சீரான மேனியை வடித்தார் லோவி. அதுவே அவரது புதிய தொழிலுக்குத் தொடக்கமாயிற்று. 1938 இல் அமெரிக்கக் குடியுரிமையும் பெற்றார்.

1940 இல் புகையிலை நிறுவனத் தலைவர் ஜோர்ஜ் வாஷிங்டன் ஹில் அவரை நாடினார். லக்கி ஸ்டிரைக் சிகரெட் பெட்டியை இதனினும் அழகாக்க இயலாதென 50,000 டொலர் பந்தயம் கட்டினார் என்பது லோவி தாமே கூறிய வரலாறு. லோவி செய்தவை மிகச் சிலவே: பச்சை நிறத்தை வெண்மையாக்கினார்; ஒரு பக்கத்தில் மட்டும் இருந்த செவ்வட்டச் சின்னத்தை இரு பக்கங்களிலும் பொறித்தார். பெட்டி எப்படி வீழ்ந்து கிடந்தாலும் பெயர் கண்ணிற்படும்! சிறிய மாற்றம், கூரிய அறிவு. 1949 இல் 'டைம்' சஞ்சிகையின் அட்டையில் அவரது உருவம் இடம்பெற்றது. 1986 இல், தமது 92 ஆம் வயதில், மொனாக்கோவிற் காலமானார்.

நிற்க. அவ்வெண்பெட்டியின் அகத்திருந்தது யாது? புகைத்தலே நுரையீரற் புற்றுநோய்க்குக் காரணமென 1964 இல் அமெரிக்க அரசின் மருத்துவ அறிக்கை உரைத்தது. நம் நாட்டிலோ 2015 முதல் சிகரெட் பெட்டியின் முகத்தில் 80 வீதத்தை நோயின் படங்களும் எச்சரிக்கையும் பிடித்துக்கொண்டன. ஒரு கலைஞன் தூய்மை தீட்டிய இடத்திலே சட்டம் உண்மையைத் தீட்டிற்று.

லோவியின் ஆற்றலை இது குறைத்துவிடாது. அந்நிய மண்ணில் கைத்திறனொன்றையே முதலாகக் கொண்டு உயர்ந்தவர் அவர். ஆனால், சித்திரம் பயிலும் நம் மாணவர் ஒன்றை நெஞ்சிற் கொள்ளவேண்டும்: பெட்டியின் முகத்தை வரையுமுன் அதன் அகத்தைக் கேட்டறிவதும் கலைஞனின் கடனேயாம்.