அப்பாவின் கடைக்கு மென்பொருள்: வாங்குவதா, எழுதுவதா?



கம்ப்யூட்டர் சயன்ஸ் படித்த எங்கட பிள்ளைகளுக்கு எப்படியும் ஒருநாள் இந்தக் கேள்வி வரும்: "நீ இதைத்தானே படிச்சனீ, கடைக்கு ஒரு சொஃப்ட்வெயர் செய்து தாவன்?" கேட்பது அப்பாவோ மாமாவோ என்றால் மறுக்கவும் மனம் வராது. இந்த வார எபிசோட்டில் நேரம் போதாமல் விட்ட பகுதி இது.

முதலில் ஒரு பெரிய இடத்துக் கதை. ஜெர்மனியின் லிடில் சூப்பர்மார்க்கெட் 2011இல் தன் பழைய சரக்குக் கணக்கு முறையை விட்டு, எஸ்.ஏ.பி நிறுவனத்தின் ரெடிமேட் மென்பொருளுக்கு மாறத் தொடங்கியது. லிடில் கையிருப்பை வாங்கிய விலையில் கணக்குப் பார்க்கும். மென்பொருளோ விற்கும் விலையை வைத்துப் பார்க்கும். லிடில் தன் வழக்கத்தை மாற்றாமல் மென்பொருளை வளைக்கப் பார்த்தது. 2018இல் திட்டத்தையே கைவிட்டது. செலவு 50 கோடி யூரோ வரை என்று அப்போது செய்திகள் சொல்லின. ரெடிமேடை வாங்கி அதை அடிமுடி மாற்றப் போனால், இரண்டு பக்கச் செலவும் உங்கள் தலையில்தான்.

சரி, எங்கட கடைக்கு வருவோம். எல்லாக் கடையிலும் ஒரே மாதிரி நடக்கிற வேலையை வாங்குங்கோ. வாட் கணக்கு, சம்பளம், கார்ட் மெஷின் எல்லாம் இதில் அடங்கும். பிரிட்டனில் வாட் விபரத்தை மென்பொருள் வழியாகவே அனுப்பவேண்டும் என்ற விதி 2019 ஏப்ரலில் தொடங்கி, 2022 ஏப்ரலில் வாட் பதிவுள்ள எல்லா வியாபாரங்களுக்கும் வந்தது. விதி மாறும்போது, விற்கிற நிறுவனம் தன் வாடிக்கையாளர் எல்லாருக்கும் சேர்த்து ஒரே தடவையில் திருத்திவிடும். நீங்கள் எழுதியது என்றால், திருத்துவதும் நீங்கள்தான். கலியாணம் முடித்து வேற ஊருக்குப் போனாலும் போன் வரும்!

சாப்பாட்டு லேபிளும் அப்படித்தான். கடையிலேயே செய்து பைக்கற்றில் போட்டு விற்கும் ரோல்ஸ், பற்றிஸுக்கு, 2021 ஒக்டோபர் முதல் இங்கிலாந்தில் முழுப் பொருட்பட்டியல் போடவேண்டும். அலர்ஜி தரும் 14 பொருட்களில் எது இருந்தாலும் அதைத் தனித்துத் தெரியக் காட்டவேண்டும். எள்ளு ஒன்று விடுபட்டால் ஒரு ஆளின் உயிரே போகலாம். இது வார இறுதியில் எழுதிப் பழகுகிற இடம் இல்லை.

அப்ப எதை எழுதலாம்? அந்த வியாபாரத்துக்கே உரிய கெட்டித்தனம் எங்கே இருக்கிறதோ, அங்கே. ஒரு கேட்டரிங் கடையை எடுங்கோ. "சனிக்கிழமை 300 பேர், அதில் 80 பேர் மரக்கறி, ரோல்ஸ் 500" என்று ஓடர் வரும். எத்தனை கிலோ அரிசி, எத்தனை தேங்காய் என்று அம்மா மனக்கணக்கில் சொல்லிவிடுவா. அவவுக்குச் சுகமில்லை என்றால் அன்று கடை தடுமாறும். இதைத் தெரிந்த ரெடிமேட் மென்பொருள் கிடைப்பது கஷ்டம். ஆனாலும் முதலில் ஒரு கூகிள் ஷீட்டில் போட்டுக் கொடுங்கோ. மூன்று மாதம் கிச்சனில் அதைப் பார்த்தே வேலை செய்கிறார்கள் என்றால், பிறகு கோட் எழுதலாம்.

காசையும் பார்ப்போம். உதாரணத்துக்கு மாதம் 60 பவுண்ட் சந்தா என்றால், ஐந்து வருடத்துக்கு 3,600. ஒரு கொன்ட்ராக்டருக்கு நாளுக்கு 350 கொடுத்தால், பத்து நாளில் அந்தக் காசு முடிந்துவிடும். பிறகு வரும் பராமரிப்பு வேறு. நீங்கள் சும்மா செய்து கொடுத்தாலும் அந்தப் பத்து நாள் உங்களுடையதுதானே.

எந்தப் பக்கம் முடிவெடுத்தாலும், மூன்று கேள்விக்குப் பதில் எழுதி வையுங்கோ:

1. எங்கள் தரவு முழுவதையும் சி.எஸ்.வி கோப்பாக வெளியே எடுக்கலாமா?
2. அட்மின் கணக்கு கடையின் பேரிலா, செய்து தந்தவர் பேரிலா?
3. சனிக்கிழமை பின்னேரம் நின்றுபோனால் யாரைக் கூப்பிடுவது?

மூன்றாவதுக்குப் பதில் உங்கள் பெயர் மட்டும்தான் என்றால், வாங்கச் சொல்லுங்கோ. சரியானதைத் தேர்ந்தெடுத்து, பொருட்களை ஏற்றி, அப்பாவுக்குப் பழக்கிக் கொடுப்பதும் பெரிய உதவிதான். அதற்கும் நீங்கள் படித்த படிப்பு தேவை.

உங்கள் வீட்டுக் கடையில் என்ன ஓடுது? இந்த மெயிலுக்கே பதில் போடுங்கோ, அடுத்த எபிசோட்டில் கதைப்பம்.