58 வயது வரை யார் காத்திருப்பது?

2016 ஏப்ரல் 18, 19 தேதிகளில் பெங்களூருவின் ஓசூர் சாலையும் தும்கூர் சாலையும் ஸ்தம்பித்துப் போயின. கார்மென்ட்ஸ் தொழிலாளர்கள், பெரும்பாலும் பெண்கள், ஆயிரக்கணக்கில் தெருவுக்கு வந்திருந்தார்கள். பி.எஃப். கணக்கில் முதலாளி செலுத்தும் பங்கை 58 வயதுக்கு முன் எடுக்கக் கூடாது என்று மத்திய அரசு அந்த ஆண்டு பிப்ரவரியில் விதியை மாற்றியிருந்தது. போராட்டத்தின் இரண்டாம் நாளே அதைத் திரும்பப் பெற்றது. முதுமைக்கான சேமிப்பை இப்போதே கேட்பது விவரமில்லாத்தனம் என்று மாதச் சம்பளக்காரருக்குத் தோன்றலாம். ஆனால் கண்ணும் முதுகும் தேயத் தேய, அன்றாட டார்கெட்டை எட்ட முடியாமல் நாற்பதையொட்டி வெளியேறுகிறவர்கள் நிறைந்த தொழில் அது. வேலை 40இல் போய், பணம் 58இல் வந்தால் இடையில் எதை வைத்துச் சாப்பிடுவது? கர்நாடகம் மூப்படைகிறது என்ற பேச்சை இங்கிருந்துதான் தொடங்க வேண்டும். இன்று முப்பதில் இருப்பவருக்கு அறுபதில் வருமானம் இருக்குமா என்பதே அதன் மையக் கேள்வி.

பெங்களூருவின் தெருக்களில் நடந்தால் மூப்பு நினைவுக்கே வராது. அந்த இளமையில் பெரும்பகுதி வெளியூர்களிலிருந்து வந்தது. மாநிலத்தில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 1.7 குழந்தைகள் என்கிறது 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு. மக்கள்தொகை குறையாமலிருக்க 2.1 வேண்டும். (மைசூர் சமஸ்தானம் 1930லேயே அரசுச் செலவில் கருத்தடை நிலையங்களைத் திறந்த மண் இது.) அரசின் மக்கள்தொகைக் கணிப்புப்படி, 2021இல் 11.5 சதவீதமாக இருந்த அறுபதைக் கடந்தோரின் பங்கு 2031இல் 15 ஆகும். 65ஐக் கடந்தோர் 7 சதவீதத்திலிருந்து 14 சதவீதமாக பிரான்சுக்கு 115 ஆண்டுகள் பிடித்தன. ஜப்பானுக்குச் சுமார் 25தான். ஆனால் ஜப்பான் அதற்கு முன்பே, 1961இல், குடிமக்கள் அனைவரையும் ஓய்வூதியத் திட்டத்துக்குள் கொண்டுவந்திருந்தது. இங்கே வறுமைக்கோட்டுக்குக் கீழே உள்ள 60 முதல் 79 வயதினருக்கு மத்திய அரசு தரும் பங்கு மாதம் 200 ரூபாய். 2007இலிருந்து அதே இருநூறுதான்! 65 வயதானவர்களுக்கு மாநிலம் ‘சந்தியா சுரக்ஷா’வில் தரும் 1,200 ரூபாயும் இந்த நகரத்தில் வாடகைக்கே போதாது.

பிள்ளைகள் பார்த்துக்கொள்வார்கள் என்பது பழைய பதில். பெற்றோருக்குச் சோறு போடச் சொல்லி 2007இல் சட்டமே இயற்ற வேண்டியிருந்தது. பிள்ளைகளைக் குறை சொல்லவும் முடியாது. ஒற்றைப் பிள்ளையின் தலையில் நான்கு பெரியவர்கள், பார்த்துக்கொள்ள வேண்டிய மகளோ மருமகளோ வேலைக்குப் போகிறவர். வெளிமாநில இளைஞர்கள் வந்துகொண்டே இருப்பார்கள் என்பது அடுத்த வாதம். அவர்களை அனுப்பும் ஒடிசாவிலேயே இப்போது 1.8 குழந்தைகள்தான். தவிர, உழைக்கும் வயதை நகரம் எடுத்துக்கொண்டு முதுமையைச் சொந்த ஊருக்கு அனுப்பிவிடுவது கணக்கை இடம் மாற்றுவதுதான். அதிகம் பெற்றுக்கொள்ளுங்கள் என்று 2024 அக்டோபரில் சந்திரபாபு நாயுடுவும் ஸ்டாலினும் பேசினார்கள். இன்று பிறக்கும் குழந்தை சம்பாதிக்க இருபது ஆண்டுகளாவது ஆகும். அதுவரை உழைப்பவர் இரண்டு பக்கமும் சுமப்பார்.

உருப்படியான ஒரு முயற்சி கர்நாடகத்திலேயே நடந்திருக்கிறது. 2025இன் கிக் தொழிலாளர் சட்டப்படி, டெலிவரி ஊழியருக்கோ வாடகை வண்டி ஓட்டுநருக்கோ தரும் தொகையில் 1 முதல் 5 சதவீதத்தை நிறுவனம் நலநிதிக்குக் கட்ட வேண்டும். இன்னும் அது ஓய்வூதியம் ஆகிவிடவில்லை. ஆனாலும் ஒரே முதலாளியிடம் 58 வரை இருந்தால்தான் பாதுகாப்பு என்ற பிடி அதில் இல்லை. இப்படி வசூலித்தால் நிறுவனங்கள் ஓடிவிடாதா? பெங்களூருவின் கோரமங்கலாவில் சாப்பாடு கொண்டுபோகும் வேலையை வேறு மாநிலத்துக்கு மாற்ற முடியாது. தையல் ஆலையை மாற்றலாம். அதனால் கார்மென்ட்ஸ் பெண்களின் முதுமையை மாநில வசூலை மட்டும் நம்பி விட முடியாது. அந்த 200 ரூபாயை டெல்லிதான் உயர்த்த வேண்டும், விலைவாசியோடு சேர்ந்து உயரும்படி.